உள்பக்கம் மட்டும் தேய்த்த பானை

நவநீதன் தேக்கா கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குள் கால் வைத்தபோது மணி இரண்டே முக்கால். அத்தான் தன் முதலாளியிடம் போய்ச் சொல்லப்போவது நாலு மணிக்கு. இடையில் ஒன்றேகால் மணி நேரம் கிடக்கிறதே, ஒரு பானை வாங்க இதற்குமேல் என்ன வேண்டும், ஆற அமரப் பார்த்தே வாங்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். உள்ளங்கை அதை நம்பவில்லை. சட்டையில் துடைத்தான், மறுபடி வேர்த்தது. தரையில் பாத்திரம், சுவரில் பாத்திரம், தலைக்கு மேலே கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட பாத்திரம், எதைப் பார்த்தாலும் அதில் அவன் மூஞ்சி, ஒன்றில் சுரைக்காய் மாதிரி நீண்டு, ஒன்றில் நசுங்கி, ஒரு கரண்டிக் குழியில் தலைகீழாக. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி நின்றான். "வாங்க தம்பி, ரொம்ப நேரமா ஃபேனையே பாக்குறீங்க, அது விக்கிறதுக்கு இல்ல" என்று கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள், பேசும்போது அதைக் கண்ணில் மாட்டாமல் கையில் பிடித்து ஆட்டினாள். "பெரிய பானை ஒண்ணு வேணும் அக்கா. இருபது லிட்டர் பிடிக்கணும்." "அலுமினியமா, சில்வரா?" அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்கிற கேள்வியோ. அவனுக்கு மட்டும் அது போலீஸ் நிலையத்தில் உட்காரவைத்துக் கேட்டது போல இருந்தது. "ரெண்டையும் காட்டுங்க" என்றான். இப்போதைக்குத் தப்பித்தாயிற்று.

அலுமினியமா, சில்வரா. பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லா ஊரிலும் போட்டுக்கொள்கிற சண்டைதான், அத்தானும் அவனும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதையே பேசித் தீர்த்திருக்கிறார்கள். அத்தான் அலுமினியக் கட்சி. "சில்வர் பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரிடா. பளபளன்னு இருப்பான், ஆனா அடியில பிடிச்சுக்குவான். அலுமினியம் என்னை மாதிரி. கறுப்பு, ஆனா சட்டுனு சூடாவும், கைக்கும் அடங்கும்" என்பார். கோகிலா அக்கா அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு, "ஆமா, அடங்குறவரைப் பாரு" என்பாள். அக்காவின் புருஷனான இந்த அத்தான், ஜெயசீலன், இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பதினேழு வருஷமாகப் பெரிய சமையல்காரர். அண்டாவில் கரண்டியை விட்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, மல்லி எத்தனை நாளைக்கு முந்தி அரைத்தது என்று சொல்லுகிற ஆள். அந்த நாக்கைத்தான் கோவிட் வந்து கொண்டுபோயிற்று. காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது, வாசனை திரும்பவில்லை, ஐந்து மாதம் வாயில் வைத்ததெல்லாம் துரு. சோறு துரு, தேத்தண்ணி துரு, அக்கா ஊட்டிவிட்ட மாம்பழம் துரு. "ஆணியை ஊறவச்ச தண்ணியக் குடிக்கிற மாதிரி இருக்குடா மாப்ள" என்று அவர் சொன்னபோது, அந்தப் பெரிய உடம்பு சோபாவில் ஒரு மூலையாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. அப்போது நவநீதன்தான் பொழுதுபோகட்டும் என்று இணையத்தில் பார்த்து அந்தச் சாமான்களை வாங்கிக்கொண்டு போனான். முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமை, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட். வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்புத் தண்ணீரைப் பூப்போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் தூவி மூடினால் சில வாரத்தில் பீர். விற்காமல் வீட்டோடு குடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. முதல் நாள், பூப் பொட்டலத்தைப் பிரித்தபோது அத்தான் திடீரென்று கையை நீட்டி, "இரு, இரு" என்றார். மூக்கைக் கொண்டுபோய்ப் பைக்குள் விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "நார்த்தங்கா இலையக் கசக்கின மாதிரி இருக்குடா." திரும்பி வந்த முதல் வாசனை அது. அன்று அக்கா, பீர் என்றால் முகத்தைச் சுளிக்கிற அக்கா, அந்தப் பூவில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு வைத்தாள். இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்க வேண்டும். பானை வாங்க வந்தால் பானையைப் பார்.

"இதப் பாருங்க தம்பி, நல்ல கனம். தட்டிப் பாருங்க" என்று அவள் அலுமினியப் பானையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். தட்டினான். தொப்பென்று ஒரு சத்தம், உடனே அடங்கிவிட்டது. உள்பக்கம் புத்தம் புதுசாக, கண் கூசுகிற வெள்ளையாக இருந்தது. இதே வெள்ளை. ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, அக்கா வீட்டுத் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து, பழம்புளி ஒரு உருண்டை, கல்லுப்பு ஒரு கை, தேங்காய் நார், அவன் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த அதே வெள்ளை. அத்தான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். "அந்தக் கறுப்பு அழுக்கு இல்லடா, அது பானையோட தோலு. தோலை உரிச்சா உலோகம் காய்ச்சுறதுல இறங்கிரும். தண்ணி விட்டு அலசு, துணியால ஒத்து எடு, நாரை மட்டும் அது பக்கத்துல கொண்டுபோகாத." கேட்டுக்கொண்டுதான் இருந்தான், தலையும் ஆட்டினான். ஆனால் பேட்டைக் கோயிலில் கூழ் ஊற்றுவதற்குப் பானை கொண்டுவருகிறேன் என்று எல்லார் முன்னாலும் மார்தட்டியவனும் அவன்தானே. வாடகைக்குச் சொல்லியிருந்த பானை வரவில்லை. போன் அடித்தால் எடுப்பார் இல்லை. கேழ்வரகு மாவு கரைத்துத் தயாராக இருக்கிறது, அக்கா அதிகாலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள், அத்தான் கடைக்குப் போய்விட்டார், இவன் கையில் அவர்கள் வீட்டுச் சாவி, எதிரே அத்தான் பீர் காய்ச்சுகிற அலுமினியப் பானை. பீர் பானையில் அம்மனுக்குக் கூழா. வேறு வழி. அப்படியே எடுத்துப் போக மனசு ஒப்பவில்லை, அந்தப் புளித்த வாடை அதில் இருக்கிறதோ இல்லையோ அவனுக்கு அடித்தது, சுத்தம் பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. சுத்தம் என்றால் அவனுக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான், அம்மா பொங்கலுக்கு முந்தின நாள் செய்கிற சுத்தம், முகம் தெரிகிற வரைக்கும் புளி போட்டுத் தேய்க்கிறது. தேய்த்தான். கறுப்பு கரைந்து விரலிடுக்கில் ஒழுகியது. ஒழுக ஒழுக ஒரு நிம்மதி. திருநீறு குழைத்து உள்ளே பூசி அலம்பினான், "தாயே, தெரிஞ்சுதான் செய்றேன், கோவிச்சுக்காத" என்று வாய்விட்டே சொன்னான். வெளிப்பக்கத்தைத் தொடவில்லை. வெளியே அடுப்புக் கறை அப்படியே இருந்தால் தேய்த்தது அத்தானுக்குத் தெரியாது, கோயிலில் இது வேறு பானை என்று எண்ணிக்கொள்ள மேலே மஞ்சளும் வேப்பிலையும் சுற்றிக் கட்டிவிட்டான். அந்த யோசனை அப்போது எங்கிருந்து வந்தது. சாமி காரியத்துக்குப் போகிற அவசரத்திலும் உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து, இதைத் தேய், இதைத் தேய்க்காதே என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தானே, அவன் யார்.

"கூழ் ரொம்ப ருசி இன்னிக்கு, யாரு பானைடா அது?" என்று அக்கா மூன்றாவது டம்ளரை நீட்டிக்கொண்டு கேட்டாள். "பிரெண்டு வீட்டுது" என்றான். அது முதல் பொய். சின்னது, வழவழப்பானது, தொண்டையில் எங்கும் இடிக்கவில்லை. மோரும் வெங்காயமும் சேர்ந்த கூழில் உலோகம் யார் நாக்கிலும் படவில்லை. பானையைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீர் போடும் நாள். அத்தான் காலைச் சமையலை முடித்துவிட்டு வருவதற்குள் இவன் முந்திக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றி, வாற்கோதுமைப் பையை உள்ளே இறக்கி, அடுப்பையும் பற்றவைத்துவிட்டான். உள்பக்கம் யார் கண்ணிலும் படவில்லை. "என்னடா, இன்னிக்கு இவ்வளவு சுறுசுறுப்பு? கல்யாணம் கில்யாணம் கேக்கப்போறியா?" என்று அத்தான் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது. தோளை அசைத்துக்கொண்டான். "பிடிக்கலியா?" என்றாள் கடைக்கார அம்மா. "இல்ல, இல்ல, நல்லா இருக்கு." "பிரியாணிக்கா, கோயில் கஞ்சிக்கா?" "பாயசத்துக்கு" என்றான். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. பீர் என்று சொன்னால் என்ன, அவள் என்ன அடித்துவிடவா போகிறாள். "பாயசத்துக்குன்னா ரெண்டும் ஓகே லா. அலுமினியம் எடுத்தா ஒண்ணு மட்டும், கறுக்க விடக்கூடாது. வாரம் ஒருக்கா புளி போட்டு நல்லா தேய்ச்சிருங்க, புதுசு மாதிரி மின்னும்." அவன் தலையாட்டினான். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த புத்திமதி, எல்லாரும் செய்கிற காரியம், அதைத்தானே நானும் செய்தேன். இல்லை. தேய்த்தது தப்பு இல்லை. தேய்த்ததைப் பற்றி யோசிக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை, அதற்கு அடுத்ததுதான். அடுத்ததற்குப் போகாதே. மனசு தண்ணீர் தொட்டியைச் சுற்றிவருகிற பூனை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அடுத்தது இதுதான். இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், ஒரு மத்தியானம், அத்தான் வீட்டு மேசையில் முதல் பாட்டில் திறந்தார்கள். நல்ல நுரை. நல்ல நிறம். இவன் ஒரு வாய் வைத்தான், வைத்த மாத்திரத்திலே தெரிந்துபோயிற்று, நாக்கின் இரண்டு ஓரத்திலும், ஈரமான இரும்புக் கைப்பிடியை நக்கினாற்போல. விழுங்கினான். எதிரே அத்தான் இன்னும் விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்ல விழுங்கி, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அக்காவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டார். "மாப்ள, உனக்கு இரும்பு மாதிரி ஏதாச்சும் அடிக்குது?" அந்த நேரத்தில் அவர் முகம். அதை எத்தனை தரம் தள்ளினாலும் வந்து நிற்கிறது. பீரைப் பற்றிக் கேட்கிற முகம் இல்லை அது. டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் முகம். ஆமாம் அத்தான், அடிக்குது, எனக்கும் அடிக்குது, பானையைத் தேய்ச்சுட்டேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது, ஒரு மூச்சு. ஆனால் பானையைத் தேய்த்தேன் என்றால் ஏன் தேய்த்தாய் என்று வரும், கூழ் என்று வரும், அடுக்களையில் இருக்கிற அக்கா வெளியே வருவாள், பீர் பானையிலா எனக்கு மூணு டம்ளர் கொடுத்தே, பீர் பானையிலா அத்தனை பேருக்கும் ஊத்தினே, அம்மனுக்குப் படைச்சே என்பாள், கோயிலில் பெரியவர்கள் காதுக்குப் போகும். இவ்வளவும் அந்த ஒரு நொடியில் ஓடிற்று. "இல்லியே அத்தான்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு வாய் குடித்துக் காட்டினான். உதட்டைத் துடைத்துக்கொண்டான். "சூப்பரா வந்திருக்கு. இதுவரைக்கும் போட்டதிலேயே இதுதான்." அத்தான் தலையசைத்தார். மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "சரி" என்றார். மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தார், முழு டம்ளரையும், அந்தத் துருவை, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி, இவன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சில்வர் இது. காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா நான் ஓசியில தந்துர்றேன்." அவள் ஒரு வட்டக் காந்தத்தைப் பானையின் வயிற்றில் வைத்தாள், அது வழுக்கிக் கீழே விழுந்தது. "பாத்தீங்களா? இதுல எதை வேணா காய்ச்சலாம், புளி, எலுமிச்சை, எது பட்டாலும் ஒண்ணும் இறங்காது. எப்படி வேணாலும் தேய்ங்க, மூணு தலைமுறைக்கு வரும்." அவனுக்கு அந்தப் பானையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதுதான், இதற்காகத்தான் வந்தது. காலையில் அக்கா போன் பண்ணியதிலிருந்து அவன் மனசில் இந்தப் பானைதான் மின்னிக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. "உங்க அத்தான் இன்னிக்கி நாலு மணிக்கு முதலாளி வந்ததும் சொல்லிரப்போறாராம்டா. கையாளு செல்லையாவைப் பெரிய சமையலுக்குப் போட்டுருங்க, நான் பார்சல் கட்டுறேன், என் நாக்கை இனிமே நம்ப முடியாதுன்னு. மறுபடியும் இரும்பு அடிக்குதாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு. மூணு வாரமா செல்லையாவக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உப்புப் பாக்கச் சொல்றாராம், முந்தாநாள் மீன் குழம்புல ரெண்டு தடவ உப்புப் போட்டுட்டாராம், சாப்பிட்டவங்க இலையோட மூடிட்டுப் போயிட்டாங்களாம். நீ தானேடா அவர்கூட உக்காந்து குடிச்சே, உனக்கு ஒண்ணும் தெரியலியா?" தெரியலக்கா என்றான். மூன்றாவது பொய்யா, நாலாவதா. மாப்ளே சொல்லிட்டான் இரும்பு இல்லன்னு, அப்ப எனக்குத்தான் என்று அவர் அந்த நாற்காலியிலேயே முடிவு பண்ணிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு ரசத்தில் கரண்டி விடும்போதெல்லாம் தேடியிருப்பார், இருக்கிறதா, இருக்கிறதா என்று. தேடினால் கிடைக்காதா என்ன. சந்தேகம் வந்துவிட்ட நாக்குக்கு உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. ஆக, சில்வர் பானை வாங்குவது. அத்தானுக்குப் பரிசு என்று கொடுப்பது. அடுத்த பீர் அதில் போடுவது. அது சுத்தமாக வரும், இரும்பு இருக்காது, அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அட, போயிருச்சுடா என்பார், எல்லாம் சரியாகிவிடும், யாரும் எதையும் சொல்ல வேண்டியது இல்லை. அலுமினியம் வாங்கினால் அப்படி முடியாது. அலுமினியத்தைப் போய் வைத்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கறுக்க வைக்க வேண்டும், கறுப்பு எதற்கு என்று பேச்சு வரும், பழைய பானை என்னவாயிற்று என்று வரும். அலுமினியத்துக்கு வாய் உண்டு, சில்வருக்குக் கிடையாது. சில்வரே போடுங்கள் அக்கா என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"பேரு வெட்டித் தரட்டுமா? மெஷின் இருக்கு, அஞ்சு நிமிஷம்." எதிர்பார்க்கவில்லை. "என்ன வெட்டுறது?" "குடுக்கிறவங்க பேரு, வாங்குறவங்க பேரு, தேதி. 'அன்பளிப்பு'ன்னு போட்டு உங்க பேரு போடட்டா?" அன்பளிப்பு, நவநீதன். மூன்று தலைமுறைக்கு வரும். அத்தான் ஒவ்வொரு தடவை பானையைக் கழுவும்போதும் அந்த எழுத்து விரலில் தட்டுப்படும், என் மாப்ள வாங்கிக் கொடுத்தது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார், அவர் காட்டுகிற ஆள்தான். "வேணாம் அக்கா, பேரு வேணாம்" என்று அவசரமாகச் சொன்னான். சுவரில் கடிகாரம் மூன்று பத்து. முதலில் இருந்தே அவனுக்குத் தெரிந்த ஒரு கணக்கு, தெரியாதது போல ஓரமாக வைத்திருந்த கணக்கு, இப்போது தானாகவே எழுந்து முன்னால் வந்து நின்றது. இன்றைக்கே சில்வரில் காய்ச்சினாலும் பீர் ஆக ஒரு மாதம். அத்தான் சொல்லப்போவது நாலு மணிக்கு. இந்தப் பானை எதையும் நிறுத்தாது. இது தெரிந்தே வீட்டிலிருந்து கிளம்பி, ரயில் ஏறி, இந்தக் கடையில் வந்து தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாங்குகிற வேலை இருக்கும்வரை சொல்கிற வேலை இல்லை. அப்படியானால் இந்த வெயிலில் வந்ததே அவரைக் காப்பாற்றுவதற்காக இல்லையா. அன்றைக்கு உள்ளே நாரைப் பிடித்துக்கொண்டு இதைத் தேய், இதைத் தேய்க்காதே என்று சொன்ன ஆள்தான் இன்றைக்கும் கூடவே வந்து, சில்வர் எடு, சில்வர் எடு என்கிறான். சொல்லிவிட்டால் என்ன ஆகும். அக்கா பேசமாட்டாள். ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. அவள் வைராக்கியக்காரி. கோயிலில் முகம் காட்ட முடியாது. அத்தான்? அத்தானை நினைத்தால் யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது, ஊசி முனை உடைந்து துணிக்குள் மாட்டிக்கொண்டது போல, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"யாருக்கு தம்பி இது?" "அத்தானுக்கு. அக்கா வீட்டுக்காரர்." "சமைக்கிறவரா?" "ஆமா, பெரிய சமையல்காரர்." கடைக்கார அம்மா கண்ணாடியை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "அட, சமையல்காரருக்குப் பானை எடுக்கிறதுக்கு நீங்க ஏன் அரை மணி நேரமா மண்டைய உடைச்சிக்கிறீங்க? போன் போட்டு அவரையே கேளுங்க. அடுப்புல நிக்கிறவருக்குத்தானே தெரியும்." இதைவிட எளிய யோசனை உண்டா. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை, அவள் வேறு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், போன் பண்ணாமல் விடமாட்டாள் போல. பண்ணினான். பானையைப் பற்றி மட்டும் கேட்பது. ஒரு வார்த்தை, வைத்துவிடுவது. நாலு தடவை அடித்த பிறகு எடுத்தார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், தண்ணீர்ச் சத்தம். "என்னடா மாப்ள, வேலைக்குப் போகலியா?" "லீவு அத்தான். பாத்திரக் கடையில இருக்கேன். உங்களுக்கு ஒரு பானை எடுக்கலாம்னு. அலுமினியமா, சில்வரா?" அந்தப் பக்கம் சிரித்தார். களைத்த சிரிப்பு. "எனக்கு எதுக்குடா இனிமே பானை? உனக்கு எடுத்துக்க. இனிமே நீ காய்ச்சு, நான் சும்மா உக்காந்து குடிக்கிறேன்." "அத்தான்..." "இல்லடா, நெசமாத்தான் சொல்றேன். உன் நாக்கு நல்ல நாக்கு. அன்னிக்கி நீ மட்டும் சொல்லலைன்னா எனக்கு விளங்கியே இருக்காது. இன்னும் இங்க நின்னு ஊரை ஏமாத்திக்கிட்டு இருந்திருப்பேன், பதினேழு வருஷம் சாப்பிட்டவங்க இலைய மூடிட்டு எந்திரிச்சுப் போற மாதிரி பண்ணியிருப்பேன். நீ மனசுல பட்டதச் சொன்னே. உங்க அக்காகூட எனக்காகப் பொய் சொல்லும். நீ சொல்லமாட்டே. அதுக்கு உனக்குத்தான்டா..." "இரும்பு இருந்துச்சு அத்தான்."

சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னது?" என்றார் அத்தான். "பீர்ல இரும்பு இருந்துச்சு. எனக்கும் அடிச்சது. நான் பானையத் தேய்ச்சுட்டேன். புளி போட்டு, உள்ள மட்டும். ஆடி வெள்ளிக்குக் கூழ் காய்ச்ச எடுத்துட்டுப் போனேன், பீர் பானையாச்சேன்னு தேய்ச்சேன். உங்ககிட்ட சொல்லல. நீங்க கேட்டப்பவும் சொல்லல." ஒரே மூச்சில் வந்துவிட்டது. மூச்சு முடிந்ததும் பக்கத்தில் இருந்த சில்வர் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். பிறகு யாரோ குழாயை மூடினார்கள், அதுவும் நின்றது. "எப்ப தெரிஞ்சது உனக்கு?" "முதல் வாயிலயே." "முதல் வாயிலயே" என்று அத்தான் திருப்பிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போலச் சொன்னார். "அப்புறம் நான் மிச்சத்தக் குடிச்சேன். நீ பாத்துக்கிட்டே இருந்தே." "ஆமா." "சாமிக்குப் பயந்தியா, உங்க அக்காவுக்குப் பயந்தியா?" "அக்காவுக்கு." வேறொரு நாளாக இருந்தால் இதற்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். "இருபது நாளுக்கு மேல ஆச்சுடா" என்றார். "ராத்திரி தூங்காம நாக்க விரலால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். உங்க அக்கா முழிச்சுக்கிட்டா தெரிஞ்சுரும்னு வாயப் பொத்திக்கிட்டு." மன்னிச்சிருங்க என்கிற வார்த்தை வாய்க்குள் வந்தது, அது சில்வர் பானை மாதிரி மின்னிற்று, அதை வெளியே விடவில்லை. "பானை கீனை ஒண்ணும் வாங்காத" என்றார் அத்தான். "உங்க அக்காகிட்ட நீயே சொல்லு, நான் சொல்லமாட்டேன். சொல்லிட்டு, நான் கூப்பிடுற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராத." "சரி அத்தான்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தான். வைக்கவில்லை, மேசையில் டொக்கென்று போட்ட சத்தம்தான் கேட்டது. அணைக்க மறந்துவிட்டாரோ என்னவோ. செருப்பு இழுபடுகிற சத்தம் தூரப் போயிற்று. ஒரு மூடி திறந்தது, கரண்டி உரசியது, அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. நவநீதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான், காது மடல் வலித்தது. "செல்லையா!" என்று அத்தானின் குரல், தூரத்திலிருந்து. "ரசத்துல பெருங்காயம் ரெண்டாந்தடவ யாரு போட்டது?" "நான்தாண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லலியேன்னு..." "சொல்லலைன்னா கொட்டிருவியா? நாத்தம் மண்டைக்கு ஏறுது. அந்தக் கூட்டைத் தள்ளு இப்படி." மறுபடி ஒரு மூடி. கரண்டி உரசல், நாக்கைச் சொடுக்குகிற சத்தம். "இதுல தேங்கா நேத்து துருவினது." "ஆமாண்ணே, கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு..." "வாயத் தொறக்காத. மீன் குழம்பைக் கொண்டா. வத்தக் குழம்பு எங்க? எல்லாத்தையும் கொண்டா, வரிசையா வை." குரல் ஒரு இடத்தில் உடைந்தது, உடைந்ததை மறைக்க இன்னும் பலமாகக் கத்தினார். இவனுக்கு அந்தக் குரலைக் கேட்க உரிமை இல்லை என்று தெரிந்தது. அணைக்கவும் கை வரவில்லை. "என்ன தம்பி, என்ன சொல்றாரு? அலுமினியமா, சில்வரா?" என்று கடைக்கார அம்மா கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். மணி மூன்று முப்பத்தைந்து. கொஞ்சம் பொறுங்கள் என்று அவளுக்குக் கை காட்டினான். அங்கே அத்தான் அடுத்த மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.